விம்மா, ஈமேக்ஸா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் குரோம்பேட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் கற்பிக்கிறேன். என் தம்பி மென்பொருள் துறையில் இருக்கிறான். கட்டற்ற மென்பொருள் என்றால் அவனுக்கு உயிர். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய நண்பர்கள் மூவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். வத்தக்குழம்பு பரிமாறும்போது தொடங்கிய விவாதம் மோர் சாதம் முடிந்து கை கழுவிய பிறகும் ஓயவில்லை. நிரல்களைத் தட்டி எழுத உதவும் எடிட்டர் மென்பொருள்களில் விம் சிறந்ததா, ஈமேக்ஸ் சிறந்ததா என்பதுதான் விஷயம். இரண்டுமே இலவசம், இரண்டுமே நன்றாக வேலை செய்கின்றன என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை ஆவேசம்? நடிகர்களின் ரசிகர் மன்றங்கள் மோதிக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நடுவில் ஒருவர் "இன்னைக்கு ம்மான்னு கத்தினியா?" என்று கேட்க, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என் மடிக்கணினியில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டுத் தம்பி லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் டேலி என்ற கணக்குப்பதிவு மென்பொருளைக் காட்ட வேண்டும், அது ஓடவில்லை. "வைன் போட்டா சரியாயிடும்" என்றார் நண்பர்களில் ஒருவர். சமையலறையிலிருந்து அம்மா, "அந்தப் பழக்கமெல்லாம் இந்த வீட்ல வேண்டாம்ப்பா" என்று குரல் கொடுத்தார். அதற்கும் ஒரு சிரிப்பு. நான் ஒரு சந்தேகம் கேட்டபோது இன்னொருவர், "மேன் பேஜ்லயே இருக்கே, படிக்கலியாக்கா?" என்றார். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இவர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

க.,
குரோம்பேட்டை

அன்புள்ள க.,

ரசிகர் மன்ற ஒப்பீட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நான் உடன்படாத இடம் அதுதான். கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்பவர் படத்தின் ஒரு காட்சியைக்கூட மாற்ற முடியாது. உங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த நால்வருமோ, இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள் என்பதால், விம்மின் மூலநிரலையும் ஈமேக்ஸின் மூலநிரலையும் (அதாவது நிரலாளர் எழுதிய அசல் வரிகளை) இறக்கிக்கொண்டு, பிடிக்காத பகுதியை அன்று மாலையே மாற்றி எழுதி, அதை ஊருக்கெல்லாம் கொடுக்கவும் உரிமை உள்ளவர்கள். மூடிய மென்பொருளில் ஒரு பொத்தான் தவறான இடத்தில் இருந்தால் நாம் முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். யாரிடமும் சொல்லிப் பயனில்லை என்பது நமக்குத் தெரியும். இங்கே சொன்னால் பயன் உண்டு, ஆகவே சொல்கிறார்கள். எதிரே இருப்பவருக்கும் அதே உரிமை இருப்பதால் அவரும் விடாமல் சொல்கிறார். மோர் சாதம் ஆறிப்போவது இதனால்தான்.

அற்ப விஷயத்துக்கு ஏன் ஆவேசம் என்பதற்கு இத்துறையினரே ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் எழுத்தாளர் சி. நார்த்கோட் பார்க்கின்சன் 1957இல் ஒரு கற்பனைக் குழுவைப் பற்றி எழுதினார். அணு உலைக்கான பெருந்தொகையை அந்தக் குழு இரண்டரை நிமிடத்தில் ஒப்புக்கொள்கிறது, ஏனென்றால் அணு உலை அங்கே அநேகமாக யாருக்கும் புரியவில்லை. ஊழியர்களின் சைக்கிள் கொட்டகைக்கு மட்டும் முக்கால் மணி நேரம் வாதிடுகிறது, ஏனென்றால் கொட்டகை எல்லோருக்கும் தெரியும். 1999இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில், குறித்த நேரம் காத்திருக்கச் செய்யும் ஸ்லீப் கட்டளை வினாடியின் பின்னங்களையும் ஏற்கலாமா என்ற மிகச் சிறிய மாற்றத்துக்குப் பெரிய வாக்குவாதம் எழுந்தபோது, போல்-ஹென்னிங் காம்ப் என்ற டேனிஷ் நிரலாளர் இந்தக் கதையை நினைவூட்டினார். அன்றுமுதல் இப்படிப்பட்ட விவாதங்களுக்கெல்லாம் சைக்கிள் கொட்டகை என்றே பெயராகிவிட்டது.

கெட்டிக்காரத்தனமான விளக்கம்தான். ஆனாலும் உங்கள் வீட்டு விவாதத்துக்கு அது முழுதாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. கொட்டகையில் யாரும் குடியிருப்பதில்லை. நிரலாளர் தம் எடிட்டருக்குள் நாள் முழுவதும் இருக்கிறார். வருடக்கணக்கில் விரல்கள் பழகிய இடம் அது. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் இடம் மாறிக் கிடந்தால் உங்கள் அம்மாவுக்கு வரும் எரிச்சலை நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பழக்கங்கள் உருவான விதத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். விம்மின் மூதாதையான விஐ என்ற எடிட்டரை பில் ஜாய் 1976இல் பெர்க்லியில் எழுதத் தொடங்கினார். அவர் வேலை செய்த ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தில் (திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவி) அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. ஆகவே திரையில் இடமும் வலமும் மேலும் கீழும் நகர்வதற்கு அவர் அந்த நான்கு எழுத்துகளையே வைத்தார். அந்த முனையம் காணாமல் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது; ஆனால் இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஓர் அலுவலகத்தின் ஏழாம் மாடியில் அமர்ந்திருக்கும் இளைஞர், அம்புக்குறி விசைகள் எதிரிலேயே இருக்க, அவற்றைத் தொடுவது இழுக்கு என்று எண்ணி ஜேயையும் கேயையும் தட்டிக்கொண்டிருக்கிறார். அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய, மூலநிரலிலிருந்து ஓடும் நிரலைத் தயாரிக்கும் மேக் என்ற கருவியின் கதையும் இப்படித்தான். அதன் கோப்பில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்துக்குப் பதிலாக இடைவெளிகளைத் தட்டிவிட்டால் மேக் பிழை சொல்லும். அந்த ஏற்பாடு சரியில்லை என்று சில வாரங்களிலேயே அவருக்குத் தோன்றியது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால், அவர்களுக்குச் சிரமம் தர விரும்பாமல் மாற்றாமல் விட்டுவிட்டார். பன்னிரண்டு நண்பர்களிடம் காட்டிய தாட்சண்யத்தின் பலனை உலகம் இன்றுவரை அனுபவிக்கிறது. டேப்பா, இடைவெளியா என்ற சண்டையை உங்கள் தம்பியும் நண்பர்களும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் அந்நியர்களின் விநோதம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. தமிழில் தட்டச்சு செய்யும் நான்கு பேரை ஒரே அறையில் அமர்த்தி, எந்த விசைப்பலகை சிறந்தது என்று கேட்டுப் பாருங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையை அரசு தரப்படுத்தியது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று எழுத நான்கு விசைகள் போதும். இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை என்பதே என் முடிவு, இதைப் பற்றி விவாதிக்க நான் தயாராக இல்லை. ஆனால் தட்டச்சுப் பயிலகத்தில் பழைய ரெமிங்டன் இயந்திரத்தில் கை பழகி உயர்நிலைத் தேர்வில் தேறியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளைத் தட்டி ஒலிபெயர்ப்பில் தமிழ் வரவழைப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். மூவர் எழுதுவதும் ஒரே தமிழ்தான். இருந்தும் மூவரும் மற்ற இருவரையும் சற்று இரக்கத்தோடுதான் பார்ப்பார்கள்.

இனி அந்த 'ம்மா' கேள்வி. அதைக் கேட்பது ஒரு பசு. டெபியன் வகை லினக்ஸில் மென்பொருள்களை நிறுவ ஆப்ட் என்ற கட்டளை உண்டு. அதன் உதவிப் பக்கத்தின் கடைசி வரி, இந்த ஆப்டுக்கு மகா பசுவின் சக்திகள் உண்டு என்று முகத்தில் சலனமே இல்லாமல் அறிவிக்கும். 'மூ' என்ற சொல்லைச் சேர்த்துக் கட்டளையிட்டால், எழுத்துகளாலேயே வரைந்த ஒரு பசு திரையில் தோன்றி, இன்று ம்மா என்றாயா என்று கேட்கும். அதன் உடன்பிறப்பான ஆப்டிட்யூட் என்ற கருவியிடம் இதையே சொன்னால், இந்த நிரலில் ரகசிய வேடிக்கை எதுவும் இல்லை என்று மறுக்கும். விவரமாகச் சொல் என்ற குறியைச் சேர்த்துச் சேர்த்து வற்புறுத்தினால் உண்மையிலேயே இல்லை என்னும், முன்பே சொன்னேனே என்னும், நிறுத்து என்னும், இறுதியில் சலித்துப்போய் யானையை விழுங்கிய பாம்பின் படத்தைக் காட்டும். ஊதியம் பெறாமல் எழுதப்பட்ட ஒரு நிரலில், எவரும் கேட்காத இந்தப் பிடிவாத நாடகத்தை ஒருவர் படிப்படியாக அமைத்து வைத்திருக்கிறார். உங்கள் விருந்தினர்கள் சிரித்தது இதை நினைத்துத்தான். விளக்கிய பிறகு சிரிப்பு வராது என்பது எனக்கும் தெரியும்.

இவர்களின் நகைச்சுவையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சிரிக்காத முகம்தான். இணையம் இயங்கும் முறைகளை வரையறுக்கும் ஆவணங்களின் வரிசையில் 1990 ஏப்ரல் 1 அன்று டேவிட் வெயிட்ஸ்மன் ஓர் ஆவணத்தைச் சேர்த்தார். இணையத் தரவுகளைப் புறாக்களின் வழியாக அனுப்புவதற்கான நெறிமுறை அது; தாளைச் சுருட்டிப் புறாவின் காலில் எப்படிக் கட்டுவது என்பது உட்பட எல்லாம் முறைப்படி எழுதப்பட்டிருந்தது. முட்டாள்கள் தின வேடிக்கை என்று அது அத்தோடு முடிந்திருக்கலாம். 2001இல் நார்வேயின் பெர்கன் நகர லினக்ஸ் குழுவினர் உண்மையான புறாக்களைக் கொண்டு அதைச் செய்து பார்த்தார்கள். ஒன்பது தரவுப் பொட்டலங்கள் அனுப்பப்பட்டன. நான்குக்கு மறுமொழி வந்தது. ஒரு மறுமொழி வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் முதல் ஒன்றே முக்கால் மணி நேரம் வரை ஆயிற்று. முடிவுகளை அவர்கள் மற்ற எந்த வலையமைப்புச் சோதனையையும் போலவே பதிவு செய்து வெளியிட்டார்கள்.

எடிட்டர் சண்டையும் நல்ல நாட்களில் இதே முகத்தோடுதான் நடக்கிறது. குனூ ஈமேக்ஸை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன், பழைய வன்தட்டு ஒன்றைத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாக வைத்துக்கொண்டு ஈமேக்ஸ் திருச்சபையின் புனிதராக மேடையில் தோன்றுவார். விஐ என்ற இரண்டு எழுத்துகள் ரோமன் எண்ணில் ஆறைக் குறிக்கும். மூன்று முறை எழுதினால் பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் எண்ணான 666 ஆகிவிடும் என்பது அவருடைய திருச்சபையின் போதனை. கட்டற்ற உரிமத்தில் வரும் விஐயைப் பயன்படுத்துவது பாவமா என்று கேட்டால், பாவமில்லை, அது பரிகாரம் என்பார். மறுபுறம், விம்மிலிருந்து வெளியேறத் தெரியாமல் சிக்கிக்கொள்வதை விம் பயனர்களே நூறு விதமாகக் கேலி செய்வார்கள். எப்படி வெளியேறுவது என்று நிரலாளர்களின் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் கேட்கப்பட்ட கேள்வியை 2017க்குள் பத்து லட்சம் முறை பார்த்திருந்தார்கள் என்றால், கேலிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. இங்கெல்லாம் கேலி செய்பவர் தம்மையும் கேலிக்குள் சேர்த்துக்கொள்கிறார். அதனால்தான் சண்டைக்குப் பிறகும் ஒரே ஆட்டோவில் ஏறிப் போக முடிகிறது.

சிரிப்பு வற்றிய சண்டைகளும் உண்டு. கணினி தொடங்கும்போது மற்ற நிரல்களை எழுப்பும் பொறுப்பை சிஸ்டம்டி என்ற புதிய நிரலிடம் கொடுப்பதா என்று டெபியனில் எழுந்த பிரச்சினை, 2014 பிப்ரவரியில் அதன் தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்து, தலைவரின் வாக்கால் முடிவாயிற்று. ஆனால் கசப்பு முடியவில்லை. அந்த ஆண்டே சிலர் பொறுப்புகளை விட்டு விலகினார்கள். சிலர் டெவுவான் என்ற பெயரில் தனியே பிரிந்தார்கள். பிரிந்து போகும் உரிமை இங்கே உரிமத்திலேயே எழுதப்பட்டிருப்பதால் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்த நிரலை எழுதிய லெனார்ட் பெட்டரிங்கின் மேல் பொழிந்த தனிப்பட்ட வசைகள்தான் குறை.

உங்களை உறுத்திய அந்த வாக்கியத்தையும் நான் இந்தக் கணக்கில்தான் வைப்பேன். 'மேன் பேஜ்' என்பது ஒவ்வொரு கட்டளைக்கும் கணினியிலேயே இருக்கும் கையேடு. ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவருக்கு அது அருமையான துணை. புதியவருக்கு, சட்டப் புத்தகத்தைக் கொடுத்து உங்கள் வழக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்புவதற்குச் சமம். அந்தப் பதிலின் ஆங்கில வடிவத்தில் ஒரு வசைச்சொல்லும் உண்டு. தம்பியின் நண்பர் உங்களை அக்கா என்று அழைத்து அதை விட்டுவிட்டார், அந்த அளவுக்கு மரியாதைதான். இது வேடிக்கையாகச் சொன்னது என்று அவர்கள் சமாதானம் கூறக்கூடும். அறையில் உள்ளவர்களிலேயே குறைவாக அறிந்தவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதை, தம்மையும் சேர்த்துக் கேலி செய்யும் அந்த மரபில் நான் சேர்க்க மாட்டேன். வெளிப்படையான பேச்சு என்ற பெயரில் கடுஞ்சொல்லை நியாயப்படுத்துவது இந்த உலகில் நெடுநாள் நடந்தது. 2018 செப்டம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே தம் கடுமைக்கு மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கியிருந்த பிறகு, அந்த வாதம் முன்புபோல் எடுபடுவதில்லை. சென்னையிலும் வேறு மரபு உண்டு. இங்குள்ள லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடியது, தெரிந்தவர் தெரியாதவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதற்காகவே அப்படிக் கூடினார்கள். தம்பிக்கு இதை நினைவூட்டுங்கள்.

அம்மாவிடம் வைனைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரல்களை லினக்ஸில் ஓடவைக்க 1993 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள் அது. போதை தராது, சில சமயம் தலைவலி தரும். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது டேலி நின்றுபோனால் வைனின் எந்தப் பதிப்பு நல்லது என்று ஆராய உங்களுக்கு நேரமிருக்காது. கேட்காமல் விண்டோஸை நீக்கியது தம்பியின் தவறு. பயன்படுத்துபவரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர் அக்காவின் கணினியில் மட்டும் தாமே தேர்ந்தெடுத்திருக்கிறார்.

மடிக்கணினி விண்டோஸோடு வாங்கப்பட்டது என்றால், உரிம எண் பெரும்பாலும் அதன் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும்; திரும்ப அதே பதிப்பை நிறுவினால் புதிதாக வாங்கத் தேவையிருக்காது. உங்கள் வினாத்தாள்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, இரண்டு இயங்குதளங்களும் அருகருகே இருக்குமாறு செய்து தரச் சொல்லுங்கள். நண்பர்கள் மூவரும் உதவிக்கு வருவார்கள், வட்டில் எந்த இயங்குதளத்துக்கு எத்தனை ஜிபி ஒதுக்குவது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடும் வரும். அது தீரும்வரை காத்திருக்காமல், டேலிக்கும் உங்கள் கோப்புகளுக்கும் வேண்டிய அளவை முன்கூட்டியே நீங்களே சொல்லிவிடுங்கள்.