எதிர்கால இலட்சியம் என்ற இடத்தைக் காலியாக விட்ட மகன்

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் மூன்று ஏக்கரில் நெல் சாகுபடி செய்கிறார். எங்களுக்கு ஒரே மகன். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான்; கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப். பிள்ளைகள் பள்ளியை விட்டுப் பிரியப் போகிறார்களே என்று வகுப்பாசிரியை ஒரு மலர் தயாரிக்கிறார். ஆளுக்கு ஒரு பக்கம். என் குணம், என் பொழுதுபோக்கு, என் எதிர்கால இலட்சியம் என்று மூன்று தலைப்புகள். மற்ற பிள்ளைகள் டாக்டர், கலெக்டர், போலீஸ் அதிகாரி என்று எழுதியிருக்கிறார்கள். என் மகன் முதல் தலைப்பில் 'அதிகம் பேச மாட்டேன்' என்றும், இரண்டாவதில் 'வயலில் பூச்சி பார்ப்பது' என்றும் எழுதிவிட்டு, மூன்றாவதைக் காலியாக விட்டுக் கொடுத்திருக்கிறான். இரவில் எமர்ஜென்சி லைட்டை வரப்பில் வைத்து, அடியில் பேசினில் தண்ணீர் ஊற்றி, அதில் விழும் பூச்சிகளை எண்ணி நோட்டில் எழுதுவதுதான் ஒரு வருடமாக அவன் வேலை. அரையாண்டுத் தேர்வில் உயிரியலில் 88, இயற்பியலில் 61, வேதியியலில் 64, கணிதத்தில் 57. மதிப்பெண்ணைப் பார்த்த கோபத்தில் பேசினைப் பரணில் போட்டுவிட்டேன். என் தம்பி, பணம் தருகிறேன், தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்த்துவிடுங்கள் என்கிறான். என் கணவரோ, நான் மிதித்த சேறு என்னோடு போகட்டும் என்கிறார். இலட்சியமே இல்லாத பிள்ளையை என்ன செய்வது? அவன் நோட்டின் இரண்டு பக்கங்களை அவனுக்குத் தெரியாமல் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், நீங்கள் அனுப்பிய நகல் பக்கங்களை அதைவிட அதிக முறை படித்தேன். உங்கள் கவலைக்கான பதிலில் பெரும்பகுதி அந்தப் பக்கங்களிலேயே இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு வாரம் முழுவதும் இரவு ஏழரை மணிக்கு விளக்கில் விழுந்த, நெல் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சிகளின் எண்ணிக்கையை உங்கள் மகன் எழுதியிருக்கிறான். வெறுமனே எண்ணி விடாமல், சிறகில் கறுப்புப் புள்ளி உள்ளவை இத்தனை, இல்லாதவை இத்தனை என்று பிரித்திருக்கிறான். மஞ்சள் சிறகின் நடுவில் புள்ளி உள்ளது பெண் பூச்சி, முட்டை இடுவது அதுதான் என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது. தினமும் இருபதுக்கு மேல் விழுந்த பூச்சி, திருக்கார்த்திகை அன்று நான்குதான் விழுந்திருக்கிறது. அந்த வரிக்குப் பக்கத்தில், 'ஏன்? பௌர்ணமி நிலா வெளிச்சமா, வீடுகளில் ஏற்றிய விளக்குகளா?' என்று எழுதியிருக்கிறான். மறுநாள் வரியில், 'மேகம், நிலா தெரியவில்லை, வீட்டு விளக்கும் இல்லை: 17. இரண்டும் ஒரே நாளில் மாறிவிட்டதால் எது காரணம் என்று சொல்ல முடியாது. மார்கழி பௌர்ணமியில் பார்க்க வேண்டும்' என்று இருக்கிறது.

சகோதரி, அந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். நிலவொளி மிகுந்த இரவுகளில் விளக்குப் பொறியில் பூச்சிகள் குறைவாகவே விழும் என்பது பூச்சியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த செய்திதான். உங்கள் மகன் அதை எந்தப் புத்தகத்திலும் படிக்காமல், உங்கள் வீட்டு வரப்பில் நின்று தானாகக் கண்டதோடு, கண்டதை உடனே நம்பிவிடாமல் அடுத்த பௌர்ணமிவரை பொறுத்திருக்கவும் முடிவு செய்திருக்கிறான். பட்டம் வாங்கியவர்களிலும் இந்தப் பொறுமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. மார்கழிப் பௌர்ணமிக்குள் பேசின் பரணுக்குப் போய்விட்டதோ என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இப்போது அந்தக் காலி இடத்துக்கு வருகிறேன். எது காரணம் என்று தெரியாதபோது தெரியாது என்றே எழுதுகிற பையன், எதிர்காலத்தில் என்ன ஆகப் போகிறோம் என்பது இன்னும் தெரியாத நிலையில் அந்த இடத்தில் ஒரு வேலையின் பெயரை இட்டு நிரப்பாமல் விட்டதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை. மற்ற பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை; டாக்டர் என்று எழுதியவர்களில் சிலர் நிச்சயமாக அதற்காகவே இரவும் பகலும் படித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் பதினேழு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் எழுதுகிற இலட்சியம், வீட்டிலும் உறவிலும் அடிக்கடி காதில் விழுந்த ஒரு சொல்லாகவே இருக்கிறது என்பதை இத்தனை ஆண்டுகளாக வருகிற கடிதங்களிலிருந்து நான் அறிவேன். இலட்சியம் என்னவென்று கேட்பதைவிட, யாரும் சொல்லாமலே ஒரு பிள்ளை தினமும் எதைச் செய்கிறது, அதை எப்படிச் செய்கிறது என்று கவனிப்பது பெற்றோருக்கு அதிகம் உதவும்.

அவன் அதிகம் பேசுவதில்லை என்ற கவலையும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், பிறகு நினைவுக்கு வந்து சேர்த்ததுபோல், ஒரு செய்தி எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வயல்காரர், நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு மருந்து அடிக்க ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, உங்கள் மகன் அவரை நிறுத்தி, தூரை விலக்கிக் காட்டி, தண்ணீருக்குச் சற்று மேலே எத்தனை பூச்சி இருக்கிறது, எத்தனை சிலந்தி இருக்கிறது என்று எண்ண வைத்து, சிலந்தி நிறைய இருக்கும்போது மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான், பிறகு புகையான் இரட்டிப்பாகும் என்று அரை மணி நேரம் விளக்கினான் என்கிறீர்கள். தனக்குத் தெரிந்த விஷயத்தில், தன்னைவிட முப்பது வயது மூத்தவரிடம், அவர் முகம் கோணாமல் பேசத் தெரிந்த பிள்ளைக்குக் கூச்சம் இருக்கலாம். குறை ஒன்றும் இல்லை. சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், நண்பர்களை ஒதுக்கி மௌனமாக இருந்தால் அது வேறு. அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கணவர் சொன்ன சொல்தான் எனக்குக் கனமாக இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறக்க முடியாமல் ஜூலை 28-இல் திறந்தபோது குறுவை என்ன ஆனது என்பதைக் கடைமடையில் இருக்கும் ஒரு விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடக் கூடாதே என்று மழைக்குப் பயந்து தார்ப்பாயோடு காத்துக் கிடந்தவர், தன் மகன் அந்த வரிசையில் நிற்கக் கூடாது என்று நினைப்பதில் தவறே இல்லை. அவரிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். உங்கள் மகன் பார்ப்பது சேற்றை அல்ல. சேற்றில் நிற்கிறவர்களுக்குப் பயன்படப் போகிற ஒரு படிப்பின் முதல் பாடத்தை. கும்பகோணத்தில் 1925-இல் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனும் மருத்துவத்துக்குப் போவார் என்றே வீட்டில் எதிர்பார்த்தார்கள். 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின் செய்திகள் அந்தப் பதினெட்டு வயது இளைஞரைக் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்குத் திருப்பின. பிற்பாடு காவல் பணிக்குத் தேர்வு பெற்றும் அவர் மரபியல் ஆராய்ச்சியையே தேர்ந்தெடுத்தார். எல்லாப் பிள்ளையும் சுவாமிநாதன் ஆகிவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. வேளாண்மையைப் படிப்பதும் ஏர் பிடிப்பதும் ஒன்றல்ல என்பதை உங்கள் கணவர் ஏற்றுக்கொண்டால் போதும்.

உங்கள் தம்பியின் உதவும் மனத்தை மதிக்கிறேன். ஆயினும் இயற்பியலிலும் கணிதத்திலும் ஆர்வம் காட்டாத பையனை, நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிப் பொறியியலில் சேர்ப்பதை வேண்டாம் என்றே சொல்வேன். நான்கு ஆண்டுகளில் அந்தப் பணமும் போய், அரியர் தாள்களும் சேர்ந்து, அக்கா தம்பி உறவிலும் கசப்பு வந்ததாக எழுதியவர்கள் பலர்.

அவனுக்குத் திறந்திருக்கும் வழிகளைச் சொல்கிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலை வேளாண்மைப் படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை. தஞ்சாவூர் மாவட்டம் ஈச்சங்கோட்டையிலும் திருச்சியிலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தவர்களின் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும், ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருப்பதை அவனும் அறிந்திருக்கட்டும். ஆனால் கால்நடை மருத்துவத்துக்கு மதிப்பெண் மிக அதிகம் வேண்டும். வேளாண்மையில் இடம் கிடைக்காமல் போனால் உலகம் முடிந்துவிடாது. மன்னார்குடி, கும்பகோணம், தஞ்சாவூர் அரசுக் கலைக் கல்லூரிகளில் விலங்கியல் படித்துவிட்டு, பூச்சியியலை நோக்கிப் பின்னால் திரும்பவும் வழி இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உங்கள் ஊருக்குப் பக்கம்தான். அதன் பட்டப்படிப்புகளுக்கு க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், விண்ணப்பத் தேதியைத் தவற விட்டுவிடாதீர்கள். வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்தால், மே மாதத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்காது.

வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேளாண்மை அலுவலர் பணிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு உண்டு, வங்கிகளில் விவசாய அலுவலர் பணி உண்டு. இரண்டிலும் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆராய்ச்சிக்குப் போக வேண்டுமானால் முதுநிலையும் அதற்கு மேலும் படிக்க வேண்டும். தேர்வு முடிந்ததும் தந்தையும் மகனுமாக ஒரு நாள் ஆடுதுறைக்குப் போய்வந்தால் நல்லது. அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இல் தொடங்கப்பட்டது. உங்கள் கணவர் குறுவையில் ஏடிடீ 36, ஏடிடீ 43 என்று விதை வாங்கியிருந்தால் அந்த ஏடிடீ என்பது ஆடுதுறைதான். முன்கூட்டிக் கேட்டு, அனுமதி பெற்றுச் செல்லுங்கள். பூச்சியை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை உங்கள் கணவர் தம் கண்ணால் பார்க்கட்டும்.

உங்கள் மகனிடமும் ஒரு சொல் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன், கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் தேர்ச்சி பெறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். அதன் பிறகு அவர் பட்ட ஆண்டுகள் எளிதானவை அல்ல. வேளாண் தரவரிசையில் உயிரியலோடு இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களும் சேர்ந்தே கணக்காகும். 61-ஐயும் 64-ஐயும் உயர்த்துவதற்கு இன்னும் வாரங்கள் இருக்கின்றன. பூச்சியை விட்டுவிட்டுப் படி என்று சொன்னால் அவன் காதில் ஏறாது. பூச்சிக்காக இந்த இரண்டு பாடத்தையும் படி என்று சொல்லிப் பாருங்கள். இதைத் தொழிலாகக் கொள்ளாமல், வேறு எங்கோ வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறையில் ஊருக்கு வந்து வரப்பில் விளக்கு வைக்கிறவனாக அவன் இருந்துவிட்டாலும், அதிலும் எனக்கு வருத்தம் இராது.

மலரின் அந்தப் பக்கம் காலியாகவே அச்சாகட்டும். ஆசிரியையிடம் சொல்லி அதில் எதையும் எழுத வைக்க வேண்டாம். நோட்டுப் பக்கங்களை நகல் எடுத்து எனக்கு அனுப்பியதை நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள், வேறு யார் மூலமாகவும் அவனுக்குத் தெரிய வேண்டாம். கோபப்படுவான். கோபம் ஆறிய பிறகு, மார்கழிப் பௌர்ணமியில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறாய் என்று கேளுங்கள். பொதுத்தேர்வின் கடைசி நாள் அவன் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் பேசினைப் பரணிலிருந்து இறக்கி, கழுவி, திண்ணையில் வைத்துவிடுங்கள். அப்போது உங்கள் வயலில் சம்பா தாளுக்கிடையே விதைத்த உளுந்து காய் பிடித்து நிற்கும். அதற்கு வருகிற பூச்சிகள் வேறு, அவற்றை அவன் இன்னும் எண்ணியதில்லை.