ஜோசஃப் கே பற்றிக் கேளுங்கள்: ஒரே ஆல்பம், அதையும் இரண்டு தடவை பதிவு செய்தவர்கள்

போன வாரம் "ஸ்காட்லாந்து போஸ்ட்-பங்க்கில் எனக்குப் பிடித்தது ஜோசஃப் கே" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். போஸ்ட்-பங்க் என்றால் பங்க் ராக்குக்கு அடுத்து வந்த இசை. அதற்கு வந்த கேள்விகளை எல்லாம் சேர்த்து வைத்து இப்போது பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணா, பெயரைப் பார்த்தால் ஒரு ஆள் மாதிரி இருக்கிறதே. பாடகரா, பேண்டா?

பேண்டுதான். காஃப்காவின் 'விசாரணை' நாவலில் என்ன குற்றம் என்றே தெரியாமல் ஒரு காலையில் கைதாகிறானே, அவன் பெயர். எடின்பரோ பையன்கள் நான்கு பேர். பாட்டும் ஒரு கிட்டாரும் பால் ஹெய்க், இன்னொரு கிட்டார் மால்கம் ராஸ், பேஸ் டேவிட் வெடல், டிரம்ஸ் ரானி டாரன்ஸ். ஆரம்பத்தில் டிவி ஆர்ட் என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார்கள், நல்லவேளை மாற்றினார்கள். முதல் சிங்கிள், அதாவது ஒரு பாட்டை முன்னிறுத்தி விடும் சின்னத் தட்டு, 1979 கடைசியில், பிரிந்தது 1981 ஆகஸ்டில். இரண்டு வருடம்கூட முழுசாக இல்லை.

பங்க் எல்லாம் லண்டன், மான்செஸ்டர் சமாச்சாரம் இல்லையா? எடின்பரோவுக்கு எப்படிப் போனது?

1977 மே மாதம் லண்டன் பங்க் பேண்டு தி கிளாஷ் தங்கள் ஒயிட் ரயட் சுற்றுப்பயணத்தில் எடின்பரோ பிளேஹவுஸ் அரங்கத்துக்கு வந்தார்கள். கூடவே பஸ்காக்ஸ், தி ஸ்லிட்ஸ், சப்வே செக்ட் என்ற பேண்டுகளும். கூட்டம் வந்தது கிளாஷுக்காக. ஆனால் பின்னால் பேண்டு ஆரம்பித்த ஸ்காட்லாந்துப் பையன்கள் பலர் மனதில் பதிந்தது சப்வே செக்ட்தான். சாம்பல் நிறத்தில் சாதாரண உடை, மேடையில் வீரவசனம் கிடையாது, கிட்டாரில் அந்த உறுமலும் கிடையாது. "ராக் ஸ்டார் ஆகாமலே ராக் வாசிக்கலாம் போலிருக்கிறதே" என்ற யோசனை அங்கிருந்து வந்ததுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜோசஃப் கே முதலில் பதிவு செய்த ஆல்பத்தைத் தூக்கிப் போட்டார்கள், அதைப் பின்னால் சொல்கிறேன். சப்வே செக்ட் 1978இல் பதிவு செய்த முதல் ஆல்பமும் வெளியே வரவே இல்லை. சீடர்கள் குருவிடம் இதையுமா கற்றுக்கொள்வார்கள்!

ஜோசஃப் கே-யின் தட்டுகளை வெளியிட்ட போஸ்ட்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்று எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள். அப்படி என்ன பெரிய கம்பெனி அது?

கம்பெனியா? கிளாஸ்கோவில் வெஸ்ட் பிரின்சஸ் தெருவில் ஆலன் ஹார்ன் என்ற இளைஞரின் ஃபிளாட், அதற்குள் ஒரு அலமாரி, அவ்வளவுதான். டிரம் அடிக்கும் பூனைப் படம் முத்திரை. அமெரிக்காவின் மோடௌன் கம்பெனி தன்னை 'இளைய அமெரிக்காவின் ஒலி' என்று சொல்லிக்கொண்டது, இவர் அதைக் கிண்டலாகத் திருப்பி 'இளைய ஸ்காட்லாந்தின் ஒலி' என்று அச்சடித்தார். அவர் வெளியிட்ட பேண்டுகள்: முதலில் ஆரஞ்சு ஜூஸ், அப்புறம் ஜோசஃப் கே, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து வந்த தி கோ-பிட்வீன்ஸ், கடைசியாக ஆஸ்டெக் கேமரா. இரண்டு வருடத்தில் சுமார் ஒரு டஜன் வெளியீடு. அதில் முழு ஆல்பம் ஒன்றே ஒன்று, அதுவும் ஜோசஃப் கே உடையது.

ஹார்னுக்குச் செல்லப்பிள்ளை என்னவோ பாடகர் எட்வின் காலின்ஸின் ஆரஞ்சு ஜூஸ்தான், இதை யாரும் மறைத்ததில்லை. இத்தனைக்கும் ஜோசஃப் கே-யின் முதல் சிங்கிளை அப்சல்யூட் என்ற சின்ன லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் கம்பெனி) மூலம் வெளியிட்டவரே ஆரஞ்சு ஜூஸின் டிரம்மர் ஸ்டீவன் டேலி. அப்படித்தான் உறவு ஆரம்பித்தது. கிளாஸ்கோ பேண்டு சிரித்த முகம், எடின்பரோ பேண்டு கறுப்பு சூட் போட்ட உம்மணாமூஞ்சி. எனக்கு எப்போதும் உம்மணாமூஞ்சிகளைத்தான் பிடிக்கும்.

முழு ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்துவிட்டுக் குப்பையில் போட்டார்கள் என்கிறார்களே, கதையா உண்மையா?

உண்மை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த பேண்டின் ஜாதகமே இதில்தான் இருக்கிறது.

1980 நவம்பரில் எடின்பரோவுக்கு வெளியே பென்கெய்ட்லண்ட் என்ற ஊரில் உள்ள காஸில் சவுண்ட் ஸ்டூடியோவில் 'சாரி ஃபார் லாஃபிங்' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். போஸ்ட்கார்டில் அதற்கு 81-1 என்று எண்ணும் கொடுத்தாகிவிட்டது. டெஸ்ட் பிரஸ்ஸிங் என்று சொல்லும் மாதிரித் தட்டுகள் சிலவும் வந்துவிட்டன. போட்டுக் கேட்டால் எல்லாம் சுத்தமாக, தெளிவாக, ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்கிறது. அதுதான் பிரச்சினையே! மேடையில் இவர்கள் வாசிப்பது அப்படி இருக்காது. இரண்டு கிட்டாரும் டிரெபிளை (கீச்சென்ற மேல் ஒலியை) ஏற்றிவிட்டு ஒன்றை ஒன்று துரத்தும், டிரம்ஸ் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளும், பாட்டு எந்த நொடியும் தடம் புரளும் என்ற பயத்தோடுதான் ஓடும். அந்தப் பயம் ரெக்கார்டில் இல்லை. "ரொம்ப மெருகாக இருக்கிறது" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

காசில்லாத ஃபிளாட் கம்பெனி, இருபது வயதை ஒட்டிய பையன்கள், கையில் தயாராக ஒரு ஆல்பம், இசைப் பத்திரிகைகள் இவர்கள் பெயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். அப்போது வேண்டாம் என்று சொல்ல ஒரு திமிர் வேண்டும். இல்லை, அசட்டுத்தனம் வேண்டும். எது என்று இத்தனை வருடத்தில் நான் முடிவுக்கு வரவில்லை.

அப்புறம் 1981 வசந்தத்தில் பிரஸ்ஸல்ஸுக்குப் போய், சில நாட்களிலேயே மறுபடியும் மடமடவென்று பதிவு செய்தார்கள். அங்கே லே டிஸ்க் டு கிரெபுஸ்கூல் என்ற லேபிளோடு ஏற்கெனவே பழக்கம் இருந்தது. அதுதான் 'தி ஒன்லி ஃபன் இன் டௌன்', ஜூலையில் வந்தது, பத்துப் பாட்டு, அரை மணி நேரச் சொச்சம். இந்தத் தடவை வண்டி எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஹெய்க்கின் குரல் கிட்டார்களுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அதுவரை தூக்கிவைத்த பத்திரிகைகளிலேயே பலருக்கு ஏமாற்றம்.

சரி, இரண்டில் எது நல்லது? மழுப்பாமல் சொல்லுங்கள்.

வெளிவந்ததுதான். குரல் சரியாகக் கேட்காது, முதல் தடவை எரிச்சல்கூட வரும். ஆனால் 'ஃபன் அண்ட் ஃபிரென்ஸி'யை இரண்டு பதிவிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பழைய பதிவில் பாட்டு நன்றாக இருக்கிறது என்று நினைப்பீர்கள். புதிய பதிவில் அப்படி நினைக்க நேரம் இருக்காது. ஒரே ஒரு குறை, 'எண்ட்லெஸ் சோல்' தூக்கிப் போட்ட ஆல்பத்தோடு போய்விட்டது. அவர்கள் எழுதியதிலேயே சிறந்த பாட்டு என்பேன். அது முழுசாகக் காணாமல் போகாததற்கு 1981இல் என்எம்இ என்ற இசைப் பத்திரிகையும் ரஃப் டிரேட் என்ற லேபிளும் சேர்ந்து வாசகர்களுக்காகப் போட்ட சி81 கேசட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும், அதில் இருந்தது.

ஆல்பம் வந்த அடுத்த மாதமே பிரிந்துவிட்டார்கள் என்பது விமர்சனம் சரியில்லாததாலா?

அதுவும் ஒரு காரணம், அவ்வளவுதான். ஹெய்க்குக்கு ஊர் ஊராகப் போய் வாசிப்பதே பிடிக்காது. 'ஒன்ஸ் மோர்' கேட்டால் வாசிக்க மாட்டோம் என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தவர்கள் இவர்கள், ரசிகர்களைக் குஷிப்படுத்தும் ரகம் இல்லை. ஹெய்க்கின் காது அப்போதே சிந்தசைசர், நடன இசை பக்கம் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு ஆல்பம், இன்னொரு சுற்றுப்பயணம் என்று போனால் தாங்கள் வெறுத்த சராசரி ராக் பேண்டாகவே ஆகிவிடுவோம் என்ற பயமும் இருந்தது. ஆகஸ்டில் கிளாஸ்கோவில் மேஸ்ட்ரோஸ் என்ற இடத்தில் கடைசியாக வாசித்தார்கள். சண்டை, கோர்ட், கேஸ் எதுவும் இல்லை, அதனால் சினிமா எடுக்க ஒன்றும் தேறாது.

போஸ்ட்கார்டும் அந்த வருடத்தோடு படுத்துவிட்டது. ஆரஞ்சு ஜூஸ் பாலிடோர் என்ற பெரிய கம்பெனிக்குப் போனது.

நான்கு பேரும் அப்புறம் என்ன ஆனார்கள்?

மால்கம் ராஸ் ஆரஞ்சு ஜூஸில் சேர்ந்தார். 1983இல் அவர்களுடைய 'ரிப் இட் அப்' பிரிட்டிஷ் தரவரிசையில் 8ஆம் இடம் வந்தபோது இவரும் அந்த பேண்டில் இருந்தார். அப்புறம் ஆஸ்டெக் கேமரா. டாரன்ஸும் வெடலும் பிற்காலத்தில் மோமஸ் என்று பெயர் வாங்கிய நிக் கர்ரியோடு தி ஹாப்பி ஃபேமிலியில் வாசித்தார்கள். ஹெய்க் தனியாகப் போய் 1983இல் 'ரிதம் ஆஃப் லைஃப்' என்ற ஆல்பம் போட்டார். பளபளப்பான நடன பாப். ரொம்ப மெருகு என்று ஆல்பத்தையே தூக்கிப் போட்டவர் இரண்டே வருடத்தில் செய்த வேலை அது! கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். தி அசோசியேட்ஸ் பாடகர் பில்லி மெக்கன்சியோடு அவர் செய்தவை 'மெமரி பேலஸ்' என்று 1999இல் வந்தன, மெக்கன்சி இறந்து இரண்டு வருடம் கழித்து. அதைக் கட்டாயம் தேடிக் கேளுங்கள்.

இப்படி மறந்துபோன பேண்டை யார் கிளறி எடுத்தது?

முழுசாக மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1985இல் ஜெர்மனியின் புரொபகாண்டா பேண்டு, தூக்கிப் போட்ட ஆல்பத்தின் பெயரையே கொண்ட 'சாரி ஃபார் லாஃபிங்' பாட்டை எடுத்துத் தங்கள் ஆல்பத்தில் பாடினார்கள். அவர்களுடைய லேபிள் இசட்டிடி-யை நிறுவியவர்களில் ஒருவர் பால் மோர்லி, என்எம்இ-யில் ஜோசஃப் கே-யைத் தூக்கிப் பிடித்தவர் அவர். அதனால் அது தற்செயல் இல்லை. 1987இல் ஒரு தொகுப்பு வந்தது. 1990இல் எல்டிஎம் லேபிள் தூக்கிப் போட்ட அந்த ஆல்பத்தையே முறையாக வெளியிட்டது, அதையும் வெளிவந்ததையும் ஒரே சிடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. பத்து வருடம் மாதிரித் தட்டாகவும் கேசட் நகலாகவும் சுற்றிக்கொண்டிருந்த பொருள் கடைக்கு வந்தது அப்போதுதான்.

பெரிய அலை 2004க்குப் பிறகு. ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் என்ற பேண்டு கிளாஸ்கோவிலிருந்து வந்து, சிறந்த ஆல்பத்துக்கான பிரிட்டனின் மெர்க்குரி பரிசு வாங்கியதும், இந்த வெட்டு வெட்டான கிட்டார் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய லேபிள் டொமினோ உடனே பழைய பெட்டிகளைத் திறந்தது. 2005இல் ஆரஞ்சு ஜூஸ், இன்னொரு எடின்பரோ பேண்டான ஃபயர் எஞ்சின்ஸ், 2006இல் ஜோசஃப் கே-யின் 'என்டமாலஜி' தொகுப்பு. நானும் அதன் வழியாக வந்தவன்தான், 1981லேயே கேட்டவன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் காப்பியடித்தார்கள் என்று சொல்லலாமா?

கூடாது தம்பி. அவர்கள் ஆட வைக்க வாசித்தார்கள், பெண்கள் ஆடுவதற்கு ஏற்ற இசை வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னவர்கள். ஜோசஃப் கே பாட்டுக்கு ஆடிப் பாருங்கள், கால் சுளுக்கிக்கொள்ளும். தாத்தா வீட்டுக் கதவுச் சாவியை எடுத்துப் பேரன் தன் வீட்டுக்குப் பொருத்திக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது? எனக்கு இந்த மாதிரி இசை பழக்கமே இல்லை.

'இட்ஸ் கைண்டா ஃபன்னி'. மெதுவான பாட்டு, கோபம் இல்லை. ஜாய் டிவிஷன் பாடகர் இயன் கர்ட்டிஸின் மரணத்தை மனதில் வைத்து எழுதியதாக ஹெய்க் சொல்லியிருக்கிறார். அதை இரவில் ஹெட்போனில் கேளுங்கள். பிடித்தால் 'சாரி ஃபார் லாஃபிங்' பாட்டு, அப்புறம் 'எண்ட்லெஸ் சோல்'. அதுவரை வந்துவிட்டீர்கள் என்றால் ஆல்பத்துக்குப் போகலாம். நேராக ஆல்பத்தில் குதித்து "என்னய்யா தகர டப்பா சத்தம்" என்று என்னைத் திட்டாதீர்கள். ஏற்கெனவே வீட்டில் அந்தத் திட்டை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுபடி சேர்ந்து வாசிப்பார்களா? ஒரிஜினல் தட்டு வாங்கலாமா?

இந்தக் காலத்தில் எல்லா பேண்டும் சேர்கிறது, இவர்கள் மட்டும் சேர்ந்ததில்லை. போஸ்ட்கார்ட் ஒரிஜினல்கள் சேகரிப்பவர்கள் கையில் இருக்கின்றன, விலை கேட்டால் தலை சுற்றும். மாதிரித் தட்டு யாராவது விற்கிறேன் என்று சொன்னால் பணத்தை எடுக்கும் முன் ஊசியை வைத்துக் கேளுங்கள். குரல் தெளிவாகக் கேட்டால் யோசிக்கலாம், புதைந்து கேட்டால் அது வேறு ஆல்பம்.