இனிப்புப் பெட்டிக்கு ஒரு லைசென்ஸ், காலண்டருக்கு வேறு

கேள்வி: மதுரையில் டிசைனிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஓர் இனிப்புக் கடைக்குத் தீபாவளிப் பெட்டியும் மாதக் காலண்டரும் செய்ய வேண்டும். கடைக்காரர் பின்ட்ரெஸ்ட்டில் கிடைத்த லட்சுமி படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இதையே போடுங்க” என்கிறார். பெட்டிக்கு, தட்டேந்திய பெண் படம் ஒன்றை இலவசத் தளத்தில் எடுத்திருக்கிறேன். “படத்துக்கு ரைட்ஸ் இருக்கா?” என்று அச்சகத்தில் கேட்கிறார்கள். நிறமும் பின்னணியும் மாற்றிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. ‘முப்பது சதவீதம் மாற்றினால் நம்முடையது’ என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. 52-வது பிரிவு சொந்த உபயோகம், ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்குத்தான் விலக்கு தருகிறது. விற்பனைப் பெட்டி அதில் சேராது. படத்தில் பெயரோ வாட்டர்மார்க்கோ இல்லை என்பதும் செல்லாது. படம் உருவானதுமே உரிமை வந்துவிடும், பதிவு செய்வது கட்டாயமில்லை. தெரிந்தே மீறினால் 63-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அச்சடித்தவரும் சிக்கலாம் என்பதால் அச்சகம் கேட்பதில் தப்பில்லை.

முதலில் லட்சுமி. பின்ட்ரெஸ்ட்டும் கூகுளும் படத்தைக் காட்டும், உரிமையைத் தராது. படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ (TinEye) போட்டு, முதலில் எங்கே வெளியானது, வரைந்தவர் யார் என்று தேடுங்கள். ஓவியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் கழிந்திருந்தால் யாரும் பயன்படுத்தலாம். ரவிவர்மா 1906-ல் இறந்தவர், அவர் லட்சுமிக்குத் தடையில்லை. காலண்டர் ஓவியர் கோவில்பட்டி கொண்டைய ராஜு 1976-ல் இறந்தார். பழைய காலண்டர் படம்தானே என்று எடுத்துவிட முடியாது, 2036 டிசம்பர் 31 வரை உரிமை இருக்கிறது. இன்னொரு பொறி: ரவிவர்மா படத்தைப் பார்த்து இன்று ஒருவர் புதிதாக வரைந்திருந்தால், அவர் சேர்த்த வேலைக்குத் தனி உரிமை உண்டு. பளபளவென்று டிஜிட்டலில் தீட்டிய லட்சுமிகளில் பாதி இந்த ரகம். பழைய அச்சுப் பிரதியின் ஸ்கேனை விக்கிமீடியா காமன்ஸில் எடுப்பது பத்திரம்.

அந்தப் பெண் படத்தில் இரண்டு பேரின் அனுமதி வேண்டும். இலவசத் தளத்தில் படத்தை ஏற்றியவர் புகைப்படத்துக்குத்தான் அனுமதி தருகிறார். படத்தில் இருப்பவர் விளம்பரத்துக்குச் சம்மதித்தாரா என்பதற்கு, அதாவது மாடல் ரிலீஸுக்கு, அன்ஸ்பிளாஷ் போன்ற தளங்கள் பொறுப்பேற்பதில்லை. பெட்டியில் அவர் சிரித்தால் இனிப்பைப் பரிந்துரைப்பதாகத்தான் அர்த்தம். முகம் தெரியும் படத்தை, மாடல் ரிலீஸ் உள்ளதா என்று பார்த்துக் காசு கொடுத்து வாங்குங்கள். ‘எடிட்டோரியல்’, அதாவது செய்திக்கு மட்டும், என்று குறித்ததைத் தொடவே வேண்டாம். சினிமா நட்சத்திரத்தின் முகம் இன்னும் ஆபத்து. பெயர், உருவம், பாணி என எதையும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று ரஜினிகாந்த் 2015-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கியிருக்கிறார்.

காசு கொடுத்து வாங்கினாலும் லைசென்ஸ் பயன்பாட்டைப் பொறுத்தது. படம் விற்கும் தளங்களான ஷட்டர்ஸ்டாக்கிலும் அடோபி ஸ்டாக்கிலும் சாதாரண லைசென்ஸில் 5 லட்சம் பிரதி வரை அச்சடிக்கலாம். உங்கள் பெட்டிக்கு அது தாராளம். காலண்டர்தான் வம்பு. ஷட்டர்ஸ்டாக் காலண்டரை, விலைக்கு விற்றாலும் வாடிக்கையாளருக்குச் சும்மா கொடுத்தாலும், தனிப் பொருளாகக் கணக்கில் வைக்கிறது. அதற்கு விலை கூடிய ‘என்ஹான்ஸ்டு’ லைசென்ஸ் வேண்டும். அதே படத்தை அடுத்த மாதம் வேறொரு கடைக்குப் போட்டால் மறுபடி வாங்க வேண்டும். லோகோவில் ஸ்டாக் படம் எந்த லைசென்ஸிலும் கூடாது.

கிரியேட்டிவ் காமன்ஸ், அதாவது உருவாக்கியவரே நிபந்தனை சொல்லிப் பிறர் பயன்படுத்த விட்ட படமென்றால், உரிமத்தின் பெயரில் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். என்சி (NC) இருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது. என்டி (ND) இருந்தால் மாற்றிச் சேர்த்து வெளியிடக் கூடாது. எஸ்ஏ (SA) இருந்தால், அந்தப் படத்தை மாற்றி உருவாக்கும் டிசைனையும் அதே உரிமத்தில் விட வேண்டும். கடைக்காரர் சம்மதிக்க மாட்டார். வெறும் பிஒய் (BY), அதாவது பெயர் குறிப்பிட்டால் போதும், என்றால் பெட்டியின் அடிப்பக்கத்தில் படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், மூல முகவரி, உரிமத்தின் பெயர், மாற்றம் செய்திருப்பது ஆகியவற்றைச் சின்ன எழுத்தில் போட்டால் போதும்.

காலண்டர் என்பதால் ஒன்று: காந்தி, பிரதமர் படங்களுக்குப் பதிப்புரிமை தவிர 1950-ம் ஆண்டு சின்னங்கள், பெயர்கள் சட்டமும் உண்டு. தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர் மட்டும் போட்ட காலண்டருக்கு விலக்கு. சரக்கை விளம்பரம் செய்தால் விலக்கு போய்விடும். இனிப்புக் கடைக் காலண்டர் விளம்பரம்தான்.

படத்தை இறக்கும் அன்றே உரிமப் பக்கத்தை முகவரி, தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு அந்த வேலையின் ஃபோல்டரில் போடுங்கள். தளங்கள் விதியை மாற்றும். இலவசப் படத் தளமான பிக்ஸாபே 2019-ல் எந்த நிபந்தனையும் இல்லாத சிசி0 (CC0) உரிமத்தைக் கைவிட்டுச் சொந்த உரிமத்துக்கு மாறியது. கடைக்காரர் தரும் படமென்றால் ‘இதன் உரிமை என்னிடம் உள்ளது, பிரச்னை வந்தால் நான் பொறுப்பு’ என்று எழுதி வாங்குங்கள். வழக்கு உங்கள் மேல் வருவதை அது தடுக்காது. ஆனால் நஷ்டத்தை அவரிடம் கேட்க வழி இருக்கும்.

என் யோசனை, பெட்டிக்குப் பெண் வேண்டாம், மைசூர்பாகே போதும். கடைக்காரர் செலவில் புகைப்படக்காரரை வைத்து எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி கடைக்காரரே முதல் உரிமையாளர். உங்கள் டிசைனுக்கு இதே வசதி உண்டென்று அவர் நம்பியிருக்கக் கூடாது. உரிமை மாற வேண்டுமானால் நீங்கள் கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். அதில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது 19-வது பிரிவு. பெட்டி சிங்கப்பூருக்கும் போகிறதென்றால் அந்த நாட்டையும் எழுதச் சொல்லுவார். அதற்கேற்ப விலை பேசுங்கள்.