குன்னூருக்கு இரண்டு நாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சனி, ஞாயிறு மட்டும்தான் லீவு. ஊட்டி, குன்னூர் இரண்டையும் பார்த்துவிட முடியுமா? (ஈரோடு வாசகி)

பதில்: முடியும், ஆனால் பாதிப் பொழுது வண்டியிலேயே போய்விடும். வார இறுதியில் குன்னூர்–ஊட்டி சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். குன்னூரிலேயே தங்குங்கள், அந்த ஊருக்கே இரண்டு நாள் தாராளமாக வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சிம்ஸ் பூங்கா. அருகிலேயே, வெறிநாய்க்கடிக்கு மருத்துவம் பார்க்க 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தின் பழைய கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். ஞாயிறு முற்பகலில் லாம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் காட்சிமுனைகள். இவற்றை மதியத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். மூடுபனி ஏறிவிட்டால் எதிர்மலையில் விழும் கேத்தரின் அருவி கண்ணில் படாது.

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் டிக்கெட் கிடைப்பதே இல்லையே, என்ன செய்வது? (விழுப்புரம் வாசகர்)

பதில்: முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். வார இறுதி இடங்கள் உடனே தீர்ந்துவிடும் என்பதால் அந்த நேரத்துக்கே உட்கார்ந்துவிடுங்கள். ரயில் காலை 7.10-க்குப் புறப்பட்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஏறிக் குன்னூரை அடையும்.

காலை ரயிலில் இடம் இல்லாவிட்டால், ஊட்டியிலிருந்து பிற்பகலில் இறங்கும் ரயிலுக்குக் குன்னூரிலிருந்து பதிவு செய்து பாருங்கள். பல்சட்டப் பாதை (தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் பதித்த பகுதி) கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான் இருக்கிறது. இறங்கும்போதும் அதே பாதைதான். குன்னூர்–ஊட்டி ரயிலில் இடம் சுலபமாகக் கிடைக்கும், கேத்தி பள்ளத்தாக்கும் அழகுதான். ஆனால் அங்கே பல்சட்டம் கிடையாது, இழுப்பதும் டீசல் என்ஜின்.

1899-ல் ரயில் ஓடத் தொடங்கிய இந்தப் பல்சட்டப் பாதையின் மிகச் செங்குத்தான இடங்களில் சுமார் 12 அடி நகர்ந்தால் ஓர் அடி உயரும். சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல்சட்டங்களை அடுத்தடுத்துப் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வரும். ஆகவே என்ஜினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல்லையாவது கவ்விக்கொண்டிருக்கும். என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது தாங்கிப் பிடிக்கும். தண்ணீர் பிடிக்க நிற்கும் ஹில்குரோவ் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். சாப்பாட்டுப் பையை மட்டும் ஜன்னலோரம் வைக்க வேண்டாம், குரங்கு தூக்கிவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி. சிம்ஸ் பூங்காவில் நடக்க முடியுமா? (கரூர் வாசகி)

பதில்: பூங்கா ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கிறது. சாலையை ஒட்டிய வாசலில் நுழைந்தால் பாதை இறங்கிக்கொண்டே போய்ப் படகுக் குளத்தில் முடியும். இறங்குவது சுகமாகத்தான் இருக்கும், திரும்ப ஏறும்போதுதான் முட்டி கேட்கும். அம்மாவை மேல்பகுதியிலேயே மெல்ல நடக்க வையுங்கள், பெஞ்சுகள் உண்டு. மழை பெய்திருந்தால் படிகளில் பாசி வழுக்கும். ரப்பர் செருப்பு கூடாது.

பூப்பாத்திகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். 1874-ல் அமைந்த இந்தப் பூங்காவின் சொத்தே அதன் மரங்கள்தான். அரோகேரியா என்ற ஊசியிலை மரமும் மரப்பெரணியும் இருக்கின்றன, உருத்திராட்ச மரமும் உண்டு. அதன் பழம் பளீரென்ற நீலம். அந்த நீலம் சாயத்தால் வருவதல்ல, தோலின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரிவது. சதையை நீக்கினால்தான் முகம் முகமாகப் பிரிந்த அந்தக் கொட்டை வெளிப்படும்.

கேள்வி: காரில் வருகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (மதுரை வாசகர்)

பதில்: முதலில் இ-பாஸ், அதாவது நீலகிரிக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதி. நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். அரசு பஸ்ஸில் வந்தால் வேண்டாம். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, ஆறும்வரை காத்திருங்கள்; சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சீசனில் ஏற குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதை ஆக்குவார்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? (தஞ்சை வாசகர்)

பதில்: குன்னூர் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழைதான் பலமாக அடிக்கும். அக்டோபர், நவம்பரில் மண்சரிவால் மலை ரயில் அடிக்கடி ரத்தாகும். மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும், கூட்டமும் அப்போதுதான். அமைதி வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரி. சாயங்காலத்துக்கு ஸ்வெட்டர் அவசியம்.

கேள்வி: வாங்கிவரும் வர்க்கி (அடுக்கடுக்கான மொறுமொறு பேக்கரிப் பண்டம்) வீட்டுக்கு வருவதற்குள் நமத்துவிடுகிறதே? (சேலம் வாசகி)

பதில்: மலைக் காற்றின் ஈரம்தான் காரணம், அடுக்குகள் அதை உடனே இழுத்துக்கொள்ளும். கிளம்பும் நாளன்று வாங்கி, பேப்பர் பையிலிருந்து எடுத்து மூடி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். நமத்துவிட்டால் எண்ணெய் விடாமல், தோசைக்கல்லைச் சிறுதீயில் வைத்து இரண்டு பக்கமும் சூடுகாட்டி, நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தங்கி மறுபடி நமத்துவிடும்.