போனைப் பிடுங்கினால் மிரட்டியவனுக்குத்தான் லாபம்

கேள்வி: நாங்கள் குமரி மாவட்டம் கருங்கல் பக்கம். கணவர் மஸ்கட்டில் வேலை. மகள் எட்டாம் வகுப்பு. வீட்டுப்பாடம் எல்லாம் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும், என் போனில்தான் பார்ப்பாள். அந்த குரூப்பில் இருந்த ஒருவன், புதிய டியூஷன் சார் என்று சொல்லி அவளிடம் தனியாக சாட் செய்திருக்கிறான். யூனிஃபார்மில் ஒரு போட்டோ வாங்கியிருக்கிறான். அப்புறம் வேறு மாதிரி போட்டோ கேட்டு, தராவிட்டால் முதல் போட்டோவை அசிங்கமாக மாற்றிப் போடுவேன் என்று மிரட்டியிருக்கிறான். பிள்ளை பயந்து சாட்டை ஆர்கைவில் மறைத்து வைத்திருந்தாள், நான் தற்செயலாகப் பார்த்தேன். இனி போனைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். பள்ளியில் கேட்டால், "ஸ்கூல் நேரத்தில் நடந்ததுக்கு மட்டும்தான் நாங்கள் பொறுப்பு" என்கிறார்கள். போலீசுக்குப் போனால் பிள்ளை பெயர் வெளியே வருமோ என்று பயம். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி! போலீசு, பள்ளி எல்லாம் அப்புறம். முதலில் மகள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "மக்களே, நீ ஒண்ணும் தப்பு செய்யல்ல, தப்பு செய்தது அவன்தான்" என்று சொல்லுங்கள். அவள் நம்பும்வரை சொல்லுங்கள்.

இப்படிப்பட்டவர்கள் எதை நம்பி மிரட்டுகிறார்கள்? 'வீட்டில் தெரிந்தால் அடி விழும், போன் போய்விடும், பிள்ளை அதனால் வாயைத் திறக்காது' என்ற ஒரே கணக்கை நம்பித்தான். நீங்கள் போனைத் தடுத்தது அக்கறையால்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் கணக்கு சரி என்று அது பிள்ளைக்குக் காட்டிவிடும். நாளைக்கு இன்னொருவன் வந்தால் அவள் உங்களிடம் சொல்ல மாட்டாள். அதனால் தடையை எடுத்துவிடுங்கள். கொஞ்ச நாள் ஹாலில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். கணவரிடம் நடந்ததை நீங்களே முதலில் சொல்லுங்கள். வீடியோ காலில் அவர் பிள்ளையைத் திட்டிவிடக் கூடாது.

அடுத்தது, சாட்டை அழிக்காதீர்கள். அவன் நம்பர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள். அவனுக்குப் பதிலோ, பணமோ, இன்னொரு போட்டோவோ எதுவும் போகக் கூடாது. அவன் அசிங்கமான படம் ஏதாவது அனுப்பியிருந்தால் அதை டீச்சருக்கோ உறவினருக்கோ ஃபார்வர்டு செய்யாதீர்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படத்தை அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். போனையே போலீசிடம் காட்டினால் போதும்.

போலீசு பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் இப்படிப் படம் கேட்டு மிரட்டுவது 2012-இன் போக்சோ சட்டத்தில், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தில் வரும் குற்றம். பிள்ளையை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தத் தேவையில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வாக்குமூலத்தை வீட்டிலேயே, அல்லது பிள்ளை விரும்புகிற இடத்தில் வாங்கலாம். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும், யூனிஃபார்மில் வரக் கூடாது. பிள்ளையின் பெயர், படம், முகவரி, பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. இதையெல்லாம் நீங்கள் கேட்டு வாங்கலாம், உரிமை இருக்கிறது. நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால் 1098 குழந்தைகள் உதவி எண்ணில் பேசுங்கள், அல்லது சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் குழந்தைகள் மீதான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம்.

மாற்றிய படம் ஒன்று வெளியே வந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம். அமெரிக்காவின், காணாமல் போன மற்றும் சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. படத்தை அவர்களுக்கு அனுப்பவே வேண்டாம். அதன் டிஜிட்டல் அடையாளம், அதாவது படத்தை வைத்து உங்கள் போனிலேயே உருவாகும் ஒரு குறியீடு மட்டும் போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் படத்தைத் தேடி நீக்கும்.

இனி பள்ளி. அவர்கள் பதிலை நான் ஏற்கவே மாட்டேன். குரூப்பைத் தொடங்கியது பள்ளி. வீட்டுப்பாடத்தை அதில் போட்டு, பார்த்தே ஆக வேண்டும் என்று வைத்ததும் பள்ளி. சாதாரண குரூப்பில் சேர்ந்த யாருக்கும் மற்ற எல்லார் நம்பரும் தெரியும். சேரும் லிங்க் எங்காவது ஃபார்வர்டு ஆனால் யாரும் உள்ளே வரலாம். அப்படியிருக்க, அவன் அந்த குரூப்பில் எப்படி வந்தான் என்று தேடிப் பார்க்க வேண்டியது யார்? குற்றம் தெரிந்தபின் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோவில் தண்டனைக்குரியது. தலைமை ஆசிரியருக்கு இதைப் பணிவாக, ஆனால் தெளிவாக நினைவுபடுத்துங்கள்.

சரிசெய்வதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பழைய லிங்க்கை ரத்து செய்து, அட்மின் ஒப்புதல் இல்லாமல் யாரும் சேர முடியாதபடி வைக்கலாம். அட்மின் மட்டும் செய்தி போடுகிற மாதிரி மாற்றலாம். பல குரூப்புகளை ஒன்றாக இணைக்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குரூப்பில் பெற்றோர் நம்பர் மற்ற பெற்றோருக்குத் தெரியாது, அதற்கு மாறினால் இன்னும் நல்லது. எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையோடு தனியாக சாட் செய்யக் கூடாது, சந்தேகத்தை குரூப்பிலோ வகுப்பிலோ கேட்கட்டும். ஆண்டு விழாப் படங்களைப் பெயர், வகுப்போடு பொதுவில் போடுவதையும் நிறுத்தட்டும். உங்கள் போனிலும் வாட்ஸ்அப் பிரைவசியில் புரொஃபைல் படம், குரூப்பில் சேர்ப்பது இரண்டையும் 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள்.

இவற்றை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மகள் பெயரைச் சொல்லாமலேயே இதைப் பெற்றோர் ஆசிரியர் கழக (பிடிஏ) கூட்டத்திலும் கேட்கலாம், அதே குரூப்பில் இன்னும் எத்தனை பிள்ளைகளிடம் அவன் பேசினானோ. ஒரு வாரத்தில் அசைவில்லை என்றால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குக் கூப்பிடுங்கள்.