வாசகர் கேள்வி பதில்: பீலித் தண்ணீரும் அடைமழையும்

எங்கள் தோட்டத்து லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, பீலி என்கிற பைப் வாயில் வருவது மலை ஊற்றுத் தண்ணீர். பளிங்கு மாதிரி இருக்கும். "காலங்காலமா இதைத்தானே குடிக்கிறோம், காய்ச்சி வேற குடிக்கணுமா?" என்கிறார் மாமியார். என்ன சொல்லட்டும்?
- வாசகி, பொகவந்தலாவை

ஒன்றும் சொல்ல வேண்டாம், பைப் வருகிற வழியே ஒரு நாள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊற்று சுத்தமாகவே இருக்கலாம். ஆனால் அதற்குக் கீழே மூடியில்லாத சீமெந்துத் தொட்டி, அதில் ஊறிக் கிடக்கும் சருகு, பக்கத்தில் மாட்டுக்கொட்டில், மேல் லயத்துக் கக்கூஸ் குழி, பைப் மூட்டில் சுற்றிய பழைய டியூப் துண்டு என்று எல்லாம் இருக்கும். தண்ணீர் நின்று நின்று வரும்போது அந்த மூட்டு வழியாகத்தான் வெளி அழுக்கு உள்ளே போகிறது. செங்கமாரி, நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டம் எல்லாம் தெளிந்த தண்ணீரிலும் வரும். அதனால் காய்ச்சத்தான் வேண்டும்.

ஆனால் புல்லுக்கு அடிக்கும் மருந்து காய்ச்சினால் போகாது. ஊற்றுக்கு மேலே தேயிலை மலை இருந்தால், மருந்து அடித்த பிறகு பெய்யும் மழையோடு வரும் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். ஊற்றைச் சுற்றி மருந்து அடிக்காமல் விடும்படி தோட்ட நிர்வாகத்திடம் எல்லோருமாகச் சேர்ந்து கேளுங்கள்.

உயரமான இடத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுமாமே, கிருமி சாகுமா?
- வாசகர், நுவரெலியா

சாகும். உங்கள் நகரம் 1,868 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும், கிருமிக்கு அதுவே தாராளம். தளதளவென்று கொதித்த பிறகு 1 நிமிடம் போதும் என்பார்கள், 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம். நீங்கள் 3 நிமிடமே விடுங்கள், விறகு ஒன்றும் அதிகம் போகாது.

என் கவலை அடுப்பில் இல்லை, இறக்கிய பிறகு நடப்பதில்தான். பிள்ளை அழுகிறதே என்று சுடுதண்ணீரில் பாதிக்குப் பாதி பச்சைத்தண்ணீரைக் கலந்து ஆற்றிக் கொடுக்கிறோம். அப்புறம் காய்ச்சியதற்கே அர்த்தமில்லை. பானைக்குள் கையோடு கப்பை விட்டு அள்ளுவதும் அப்படித்தான். மூடி வைத்து ஆற விடுங்கள், சாய்த்து ஊற்றுங்கள்.

மண் விழுந்து வீதி மூடினால் தண்ணீர் கொண்டுவரும் பௌசர் வண்டியும் வராது. எவ்வளவு தண்ணீர் சேர்த்து வைக்க வேண்டும்?
- வாசகி, அப்புத்தளை

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் வீட்டுக்கு 3 நாளுக்கு 60 லீட்டர். மூடியுள்ள கேன், சோடாப் போத்தல் எதுவும் சரி. பெயின்ட் வாளியும் புல் மருந்து கேனும் எத்தனை தரம் கழுவினாலும் ஆகாது, தோட்டங்களில் இது சர்வசாதாரணமாக நடப்பதால்தான் சொல்கிறேன். விறகு நனைந்துவிட்டால் காய்ச்ச வழியிருக்காது, ஆகவே குளோரின் மாத்திரையும் கொஞ்சம் வாங்கி வையுங்கள். மாத்திரை உறையில் எழுதியிருக்கும் அளவுக்குப் போட்டு அரை மணி நேரமாவது விட வேண்டும். கூடவே வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி நாலைந்து பக்கெட்.

இரண்டு நாள் மழைக்குப் பிறகு பீலியில் திடீரென்று சேற்றுத் தண்ணீர் வருகிறது. துணியில் வடிகட்டினால் போதுமா?
- வாசகர், பசறை

வடிகட்டுவதை அப்புறம் பார்க்கலாம், முதலில் வீட்டுக்கு மேலே மலையைப் பாருங்கள். ஊற்று திடீரென்று கலங்குவது, நின்றுபோவது, இல்லாத இடத்தில் புதிதாக நீர் கசிவது, நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு விழுவது, மரம் சாய்வது எல்லாம் மண்சரிவுக்கு முன் தெரியும் அடையாளங்கள். 2014 ஒக்டோபர் 29இல் சரிந்த பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டம் முன்கூட்டியே எச்சரிக்கை விடப்பட்ட இடம்தான். பைப்பில் மண் அடைத்துவிட்டது என்று மண்வெட்டியோடு இளந்தாரிகளை மேலே அனுப்புவதுதான் அந்த நேரத்தில் செய்யக்கூடாத வேலை. கிராம சேவகருக்குச் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள், பிள்ளைகளையும் வயசானவர்களையும் இருட்டுவதற்குள் வெளியேற்றுங்கள்.

அறிவித்தல் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நேரான பால்மா டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தால் உள்ளே நிற்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கவனம், 100 என்றால் சாமான் கட்டி ஆயத்தம், 150 என்றால் அங்கே இருக்கவே கூடாது. இதில் எதுவும் இல்லை, மழைக்குத்தான் கலங்கியது என்று உறுதியானால், தண்ணீரைத் தெளிய விட்டு, பருத்திச் சேலையை நாலாக மடித்து வடித்து, அதன் பிறகு காய்ச்சுங்கள். துணி சேற்றைத்தான் பிடிக்கும், கிருமியைப் பிடிக்காது.