ஒரே மீன், மூன்று அலகு: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

பஃபின் என்ற கடற்பறவை பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அலகைப் பார்த்தாலே பறவையின் உணவைச் சொல்லிவிடலாம் என்றுதான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். கழுகுக்குக் கொக்கி, வாத்துக்குத் தட்டை, மரங்கொத்திக்கு உளி. இவள் பஃபின் வாழும் தீவுகளின் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, "அந்தப் பாறையில இருக்கிற மூணு பறவையும் ஒரே மீனைத்தானே வாயில வச்சிருக்கு, அப்ப மூக்கு மட்டும் ஏன் வேற வேற மாதிரி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

கூடவே ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். ஜனவரியில் எங்கள் ஊர் உப்பளத்துப் பக்கம் எடுத்தது. ஆலா என்ற கடற்பறவை என்று தெரிகிறது. ஆனால் அலகு கறுப்பாக, குட்டையாக, தடித்து இருக்கிறது. இது எந்த ஆலா?

வாசகி, தூத்துக்குடி

*

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் மகளின் கேள்வியை இரண்டு நாளாக மனதில் வைத்துக்கொண்டே இருந்தேன். பாடத்தில் விடுபட்டுப் போன இடத்தைச் சரியாகத் தொட்டுவிட்டாள். அவளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்க் கடற்கரையிலிருந்தே தொடங்கலாம். சாளை மீனை ஒருவர் வீச்சு வலையில் பிடிக்கிறார், ஒருவர் செவுள் வலை விட்டுப் பிடிக்கிறார், ஊரே கூடிக் கரைவலை இழுத்தும் பிடிக்கிறார்கள். மீன் ஒன்றுதான், வலை வேறு. வலையை மட்டும் பார்த்து "இது சாளை வலை" என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். எங்கே நின்று பிடிக்கிறார், ஒரு தடவைக்கு எவ்வளவு வேண்டும், எப்படிக் கரைக்குக் கொண்டுவருகிறார் என்பதெல்லாம் அந்த வலையில்தான் இருக்கிறது. அலகும் அப்படித்தான்.

மகள் பார்த்த மூன்று பறவைகள் பஃபின், ரேஸர்பில், கில்லமாட். மூன்றும் ஒரே குடும்பம். ஸ்காட்லாந்தின் மே தீவிலும் வேல்ஸின் ஸ்கோமர் தீவிலும் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் குஞ்சு பொரிக்கின்றன. மூன்றும் கொண்டுவருவது பெரும்பாலும் சாண்ட் ஈல் என்ற ஒல்லியான வெள்ளி மீன். பெயரில்தான் ஈல், உண்மையில் விலாங்கு இல்லை. கடலடி மணலுக்குள் புதைந்து கிடக்கும் சிறு மீன்.

பஃபினின் வாயைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். மேலண்ணத்தில் தொண்டைப் பக்கம் சாய்ந்த சின்னச் சின்ன முட்கள் வரிசையாக இருக்கும். நாக்கு சொரசொரப்பாக இருக்கும். ஒரு மீனைப் பிடித்ததும் நாக்கால் அதை அந்த முட்களின்மேல் அழுத்திக்கொள்கிறது. மீன் குறுக்கே மாட்டிக்கொள்ளும், நழுவாது. இப்போது அலகைத் திறந்து அடுத்த மீனைப் பிடிக்கலாம், முதல் மீன் அங்கேயே இருக்கும். இப்படி ஒரு தடவைக்குப் பத்து மீன் என்பது சாதாரணம். அறுபதுக்கு மேல் வைத்திருந்ததாகவும் பதிவு இருக்கிறது. அத்தனையும் அலகில் வரிசையாகத் தொங்கும்.

கில்லமாட்டுக்கு இது எதுவும் வேண்டாம். அதன் அலகு நீளம், நேர், கூர். குஞ்சுக்கு ஒரு நடைக்கு ஒரே ஒரு மீன்தான் கொண்டுவரும், கொஞ்சம் பெரிய மீனாக. அந்த மீனையும் குறுக்கே பிடிக்காது. தலை தொண்டைக்குள், உடல் அலகு நெடுக, வால் மட்டும் வெளியே. நூறு மீட்டருக்கும் கீழே முக்குளித்து மீனை விரட்டிப் பிடிக்கிற பறவை அது. ரேஸர்பில் இரண்டுக்கும் நடுவில். பக்கவாட்டில் தட்டையான, சவரக்கத்தி மாதிரி அலகு. மீன்களைக் குறுக்கேதான் பிடிக்கும், ஆனால் பஃபின் அளவுக்கு அடுக்காது.

அப்புறம் குஞ்சுகளையும் பார்க்க வேண்டும். பஃபின் குஞ்சு மண்வளைக்குள் ஆறு வாரம் போல இருந்து வளர்கிறது. கில்லமாட் குஞ்சு வெறும் பாறை விளிம்பில் நிற்கிறது. மூன்று வாரத்தில், இன்னும் சரியாகப் பறக்கவே வராத நிலையில், கடலில் குதித்து அப்பாவோடு நீந்திப் போய்விடுகிறது. ஒரு வீட்டுக்குக் கூடை நிறையப் பொடிமீன், இன்னொரு வீட்டுக்கு ஒற்றை மீன். மகளின் கேள்விக்கு என் பதில் இதுதான். அலகு, என்ன தின்கிறது என்பதோடு எப்படிப் பிடிக்கிறது, எப்படிச் சுமக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

அதற்காக உங்கள் பாடம் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். உணவு அடியோடு மாறுகிற இடத்தில் அலகும் அடியோடு மாறுகிறது. இதே குடும்பத்தில் லிட்டில் ஆக் என்று ஒன்று, ஆர்க்டிக் பகுதியில் லட்சக்கணக்கில் வாழ்கிறது. அது தேடுவது கோபிபாட் எனப்படும், அரிசிமணியைவிடச் சிறிய மிதவை உயிர்களை. அதன் அலகு குட்டை, அகலம். இரையைத் தொண்டையில் ஒரு பையில் நிரப்பிக்கொண்டு குஞ்சிடம் வரும். கனடா ஆய்வாளர் ழான் பெதார் 1969இல் இந்தக் குடும்பத்துப் பறவைகளின் வாயை ஒப்பிட்டு எழுதினார். மிதவை உயிர்களைத் தின்பவற்றுக்கு அலகு அகலம், நாக்கு சதைப்பற்று, மேலண்ணத்தில் முட்கள் அதிகம். மீன் தின்பவற்றுக்கு அலகு ஒடுக்கம், நாக்கு கொம்பு போலக் கடினம். பஃபின்கள் நடுவில் நின்றன.

எனக்கு மிகவும் பிடித்த அலகு தென்கடலில் இருக்கிறது. பிரையன் என்ற சாம்பல் நிறச் சிறு பறவைகள். அவற்றில் அகன்ற அலகுப் பிரையனுக்கு, புறாவைவிடச் சின்ன உடம்பில், சுமார் 2 செ.மீ. அகலத்துக்கு ஓர் அலகு. மேல் அலகின் ஓரத்தில் உட்புறமாகச் சீப்புப் பல் போல நெருக்கமான தகடுகள். தண்ணீரை வாய்க்குள் இழுத்து, நாக்கால் அழுத்தி வெளியே தள்ளும். தண்ணீர் போய்விடும், இரை சீப்பில் தங்கிவிடும். பெரிய திமிங்கிலங்கள் செய்கிற அதே வேலை. அந்தக் காலத்து மாலுமிகள் இவற்றைத் திமிங்கிலப் பறவை என்றே அழைத்தார்கள்.

இதன் சொந்தக்காரப் பறவைகளில் சிலவற்றுக்கு அலகு ஒடுக்கமாக இருக்கிறது. அவை இரையை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுக்கின்றன. சால்வின் பிரையன் என்ற வகையின் அலகு, அகன்ற அலகுப் பிரையனுக்கும் அண்டார்க்டிக் பிரையனுக்கும் நடுவிலான அகலம். 2019இல் வந்த மரபணு ஆய்வு, அந்த இரண்டும் கலந்து பிறந்த இனம்தான் இது என்று சொன்னது. நடுத்தரமான ஒரு சல்லடை, அதற்குப் பொருந்தும் இரை, அதை நம்பி ஒரு தனி இனம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஃபின் அலகின் ஆரஞ்சு நிறத்துக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை. அது இணை தேடும் காலத்துக்கானது. வெளிப்புற வண்ணத் தகடுகள் அந்தப் பருவம் முடிந்ததும் கழன்று விழுந்துவிடும். குளிர்காலத்துப் பஃபின் மங்கலாக, சின்ன அலகோடு இருக்கும்.

இதை எழுதும்போது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2000களின் நடுவில் வடகடலிலும் அதைச் சுற்றியும் பாம்புக் குழல்மீன் திடீரென்று பெருகியது. நீளமாக, ஒல்லியாக இருக்கும். பஃபின்களும் ஆலாக்களும் அதைப் பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோயின. அலகில் பிடிக்க வாகான மீன்தான். ஆனால் உடம்பு முழுக்க எலும்புக் கவசம். குஞ்சுகளால் விழுங்க முடியவில்லை. சில மூச்சுமுட்டிச் செத்தன. தின்னப்படாத குழல்மீன்கள் கூடுகளில் காய்ந்து கிடந்தன. சாண்ட் ஈல் போதுமான அளவு இருந்திருந்தால் அந்தப் பெற்றோர் இதைத் தேடிப் போயிருக்காது. 2024 மார்ச்சில் இங்கிலாந்து தன் வடகடல் பகுதியிலும், ஸ்காட்லாந்து தன் கடல் முழுவதிலும் சாண்ட் ஈல் பிடிப்பதை நிறுத்தின. எவ்வளவோ முன்பே செய்திருக்க வேண்டியது என்பது என் எண்ணம்.

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இதற்குக் கடற்காகத்தின் அலகு கொண்ட ஆலா என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் பருத்த அலகு ஆலா. வலசை வருவது. மற்ற பல ஆலாக்கள் தண்ணீருக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும், இது அப்படிச் செய்வது அபூர்வம். சேற்றின்மேல் தாழப் பறந்துவந்து சின்ன நண்டு, பூச்சி என்று கொத்திக்கொண்டு போகும். நண்டைக் கவ்வ மெல்லிய ஊசி அலகு சரிப்படாது.

உங்கள் படத்தின் ஓரத்தில், பின்னால் சிவப்பு அலகோடு பெரிதாக ஒன்று நிற்கிறதே, அது காஸ்பியன் ஆலா. காக்கையைவிடப் பெரியது. மேலே நின்று குனிந்து பார்த்து, சட்டென்று தலைகீழாகத் தண்ணீரில் விழும். இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைப்பது உங்கள் ஊரின் அதிர்ஷ்டம்.

வற்று நேரத்தில் மகளை அங்கே கூட்டிப் போங்கள். பெயர் எதையும் முதலில் சொல்ல வேண்டாம். எது தண்ணீரில் விழுகிறது, எது சேற்றைத் தொட்டுவிட்டு மேலே போகிறது என்று மட்டும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். அரைமணி நேரம் போதும். அவள் என்ன எழுதினாள் என்று எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்